எச்டியில் எடுத்ததை எஸ்டி வைட்ஸ்கிரீனுக்கு மாற்றினால் படம் ஏன் கெடுகிறது?

பிப்ரவரி 26, 2016 – திருவாரூரிலிருந்து ஒரு கேள்வி

மகாமகம் தீர்த்தவாரியை எச்டியில், 1080 வரி, 50 ஃபீல்டு இன்டர்லேஸில் எடுத்திருக்கிறேன். கொடுக்க வேண்டியது டிவிடி, அப்புறம் உள்ளூர் கேபிளுக்கு ஒரு காப்பி. என் கணினி பழசு, எச்டி கிளிப்பை டைம்லைனில் போட்டாலே திணறுகிறது. அதனால் முதலிலேயே எல்லாவற்றையும் எஸ்டிக்கு, அதாவது பழைய டிவித் தெளிவான 720×576 வைட்ஸ்கிரீனுக்கு மாற்றிக்கொண்டு எடிட் செய்தேன். டிவியில் போட்டுப் பார்த்தால் கூட்டம் நகரும்போது ஆள் இரண்டு இரண்டாகத் தெரிகிறார்கள், கோபுரம் மினுமினுக்கிறது. 2004 மகாமகத்தை எங்கள் சித்தப்பா மினிடிவி என்ற எஸ்டி டேப் கேமராவில் எடுத்தது இதைவிடத் தெளிவாக இருக்கிறது. கேட்பது எஸ்டிதான் என்றால் எஸ்டியிலேயே எடுத்துவிடுவதுதான் சரி. என்ன சொல்கிறீர்கள்?

பிப்ரவரி 26, இரவு – பதில்

வேண்டாம் தம்பி. எச்டியிலேயே எடுங்கள். ஒழுங்காகச் சுருக்கினால், எஸ்டி கேமராவில் நேரடியாக எடுத்ததைவிட நன்றாகத்தான் வரும். 1920 பிக்சல் அகலத்தில் இருக்கும் தகவலை 720-க்குள் கொண்டுவரும்போது இரைச்சல் குறைகிறது, ஓரங்கள் சுத்தமாகின்றன, நிறத் தகவலும் கூடுதலாகக் கிடைக்கிறது. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பலர் உங்களைப் போலவே நினைத்து, புதுக் கேமராவை எஸ்டி மோடில் போட்டு ஓட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. இன்று அந்தக் குடும்பம் டிவிடிதான் கேட்கும், பத்து வருஷம் கழித்துப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்படும்போது எச்டி எங்கே போய்த் தேடுவது?

உங்கள் படம் சுருக்கியதால் கெடவில்லை. ஃபீல்டுகள் கலந்ததால் கெட்டிருக்கிறது.

பிப்ரவரி 27, காலை

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன், இப்போது விளக்கமாக.

50 ஃபீல்டு இன்டர்லேஸ் என்றால் நொடிக்கு 25 முழுப் படம் என்று எண்ணக் கூடாது. நொடிக்கு 50 அரைப் படங்கள், ஒவ்வொன்றிலும் 540 வரிகள். முதல் அரைப் படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடிவிடுகிறது. குளத்தில் ஒருவர் முங்கி எழும்போது தலை ஒற்றைப்படை வரிகளில் ஓரிடத்திலும் இரட்டைப்படை வரிகளில் இன்னும் கொஞ்சம் மேலேயும் இருக்கும். கணினித் திரையில் ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி தெரிவது இதுதான்.

இப்போது மாற்றும் மென்பொருள் அந்த இரண்டு அரைப் படங்களையும் ஒரே படமாக நினைத்து 1080 வரியை 576-க்கு அழுத்தினால் என்ன ஆகும்? ஒரு புது வரியை உண்டாக்க அக்கம்பக்கத்துப் பழைய வரிகளை எடுத்துச் சராசரி போடும், அந்த வரிகளோ இரண்டு வேறு நேரத்தைச் சேர்ந்தவை. சீப்புப் பற்கள் குழைந்து ஆவி உருவமாகின்றன. நீங்கள் சொன்ன இரட்டை ஆள் இப்படித்தான் பிறக்கிறான். ஒருமுறை குழைந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே கிடையாது, மூலக் கிளிப்பிலிருந்து திரும்ப மாற்றத்தான் வேண்டும்.

சரியான வழி: 50 அரைப் படத்தையும் தனித்தனியாக 50 முழுப் படமாக விரிப்பது, ஒவ்வொன்றையும் 576-க்குச் சுருக்குவது, பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் 288 வரியை மட்டும் எடுத்து மறுபடி இன்டர்லேஸாகக் கோர்ப்பது. அவிசிந்த் என்ற மென்பொருளில் க்யூடிஜிஎம்சி என்ற நிரல் கொண்டு விரித்தால் அழகாக வரும், ஆனால் பழைய கணினியில் ராத்திரி முழுக்க ஓடும். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் யாடிஃப் வடிகட்டியை, ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் தரும் மோடில் வைத்தால் வேகம் அதிகம், தரமும் இந்த வேலைக்குப் போதும். அதன் இயல்பான மோடு இரண்டு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம்தான் தரும். அதை அப்படியே விட்டால் அசைவு பாதியாகிவிடும், வெண்சாமரம் வீசுவது தடுக்கித் தடுக்கித் தெரியும்.

சித்தப்பாவின் மினிடிவி தெளிவாக இருக்கக் காரணமும் இதுதான். அது பிறந்ததிலிருந்தே 576 வரி, யாரும் அதை அழுத்தவில்லை.

பிப்ரவரி 27, மாலை

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர், “என்னிடம் எச்டிவி டேப் கேமரா, நான் இவ்வளவு பாடு படணுமா” என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். சோனி எச்டிவி கேமராக்களில் ஐலிங்க் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும்போதே மினிடிவியாக மாற்றிக் கொடுக்கும் வசதி மெனுவில் இருக்கிறது. படத்தை நெருக்கி 16:9 ஆக அனுப்பச் சொல்லிவிட்டு டேப்பை ஓட விட்டால், ஃபீல்டைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம், வட்டில் சுமார் 13 ஜிபி. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் எச்டியாக இறக்கி மென்பொருளில் மாற்றுகிறவர்கள் நிறைய. டேப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், எச்டி மூலம் அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 29

கோபுரம் மினுமினுப்பது தனிச் சங்கதி. இரட்டை உருவத்தைச் சரிசெய்த பிறகும் அது இருக்கும், சொல்லப்போனால் கூடவும் கூடும். எச்டி அவ்வளவு நுணுக்கத்தைக் கொடுக்கிறது. ஒரு சுதைச் சிற்பத்தின் கிடைக்கோடு ஒரே ஒரு வரி உயரத்தில் வந்து உட்கார்ந்தால், அது ஒற்றைப்படை ஃபீல்டில் மட்டும் இருக்கும், இரட்டைப்படையில் இருக்காது. நொடிக்கு 25 தடவை எரிந்து அணையும். கும்பேசுவரர் கோயில் கோபுரத்தைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கிக் காட்டும் காட்சியில் இது கண்ணை உறுத்தும். திருபுவனம் பட்டில் சரிகைக் கரையும் இப்படித்தான்; முகூர்த்த நேரத்தில் பெண்ணின் புடவை ஓரம் எறும்பு ஊர்கிற மாதிரி நெளிகிறது என்று எத்தனை வீட்டில் குறை கேட்டிருப்பார்கள்.

மருந்து எளிது. மறுபடி கோர்ப்பதற்கு முன்னால் செங்குத்தாக மட்டும் லேசாக மென்மையாக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் இன்டர்லேஸ் வடிகட்டியிலேயே அதற்கான தேர்வு இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள்கள் பலவற்றில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்தால் மினுக்கம் நீக்கும் வசதி வரும். கூர்மை கூட்டும் வடிகட்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள். கணினித் திரையில் பளிச்சென்று தெரியும், டிவியில் போட்டால் மொத்தமும் துடிக்கும். சுருக்கும் முறையிலும் லான்சோஸைவிட பைக்யூபிக் எனக்குப் பிடித்திருக்கிறது. லான்சோஸ் கோபுர ஓரத்தில் வானத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவிடுகிறது.

மார்ச் 1

ஃபீல்டு வரிசை! இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண். டேப்பில் பதியும் எச்டிவி, அட்டையில் பதியும் ஏவிசிஎச்டி இரண்டிலும் மேல் ஃபீல்டு முதலில் வரும். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில். மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் நேரம் முன்னும் பின்னுமாக ஓடும்: இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தவில்காரர் கையைப் பாருங்கள், உடனே பிடிபடும். டிவிடியில் எந்த வரிசையானாலும் சரி, ஃபைலுக்குள் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் போதும்.

மார்ச் 3

“நீங்கள் சொன்னபடி மாற்றினேன், ஆனால் எல்லோரும் ஒல்லியாக, உயரமாக இருக்கிறார்கள்” என்று தம்பி எழுதியிருக்கிறார். கல்யாண வீடியோவாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள், ஆனாலும் சரிசெய்துவிடுவோம்.

எஸ்டியில் வைட்ஸ்கிரீனுக்குத் தனி அளவு கிடையாது. 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் அதே 720×576தான். வைட்ஸ்கிரீனில் பிக்சல் அகலமானது என்று ஃபைலில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும், அதைப் படித்து டிவி அகலப்படுத்திக் காட்டும். அந்தக் குறிப்பு தொலைந்தால் ஆள் ஒல்லியாகிவிடுவான். எடிட்டிங் புராஜெக்டைத் தொடங்கும்போதே பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) வைட்ஸ்கிரீன் என்று தேர்ந்தெடுங்கள். ஒல்லியாக வந்த கிளிப்பைத் திரும்ப மாற்ற வேண்டியதில்லை, அதன் பண்புகளில் பிக்சல் விகிதத்தை மட்டும் வைட்ஸ்கிரீன் என்று மாற்றினால் போதும், ரெண்டர்கூட, அதாவது கணினியை ஓடவிட்டுப் படத்தைப் புதிதாக எழுதுவதுகூடத் தேவையில்லை.

இன்னொரு வழியும் சிலர் செய்கிறார்கள், 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு விடுவது. அப்படிச் செய்தால் படத்துக்கு 432 வரிதான் மிச்சம். 576 வரியும் கைவசம் இருக்கும்போது கால்வாசியைக் கறுப்புக்குத் தாரை வார்ப்பானேன்? டிவிடிக்கு அதைச் செய்யாதீர்கள்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

கேபிளுக்கு மட்டும் செய்யுங்கள். உள்ளூர் கேபிள் சேனல்களில் ஃபைலை ஓட்டும் கணினியை இந்த 2016-இலும் பெரும்பாலும் 4:3-க்குத்தான் வைத்திருக்கிறார்கள், வைட்ஸ்கிரீன் குறிப்பை அது மதிப்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தேர்த் திருவிழாவை அப்படியே ஒல்லியாக்கி முழுக்க ஓட்டினார்கள், தேர் ஊசி மாதிரி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எவ்வளவு வருத்தம்! திருவாரூர் ஆழித்தேரின் பிரமாண்டமே அதன் அகலத்திலும்தான் இருக்கிறது. ஆகவே கேபிளுக்குப் பட்டை போட்ட 4:3 காப்பி, டிவிடிக்கு நெருக்கிய 16:9 காப்பி என்று இரண்டு எடுங்கள். பட்டை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் இடமும் வலமும் கொஞ்சம் வெட்டி 14:9 ஆக்கலாம், இரண்டுக்கும் நடுவான நல்ல ஏற்பாடு அது.

மார்ச் 6

மார்ச் 3 குறிப்பைப் படித்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒருவர், “அடோபி எடிட்டிங் மென்பொருளில் மாற்றினால் இடமும் வலமும் மெல்லிய கறுப்புக் கோடு வருகிறதே, உங்கள் கணக்கில் அது இல்லையே” என்கிறார். கணக்கை இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறேன். 720 பிக்சல் அகலத்தில் உண்மையான 16:9 படம் சுமார் 702 அல்லது 704 பிக்சலில் அடங்கிவிடும். மீதி இரண்டு பக்கமும் விளிம்பு. பழைய அடோபி பதிப்புகள் இதைப் பார்க்காமல் பிக்சல் விகிதத்தை 1.422 என்று வைத்திருந்தன, சிஎஸ்4 பதிப்பிலிருந்து 1.4587 என்று மாற்றிக்கொண்டார்கள். அதனால் எச்டியைப் போட்டால் இரு பக்கமும் சில பிக்சல் கறுப்பு மிஞ்சும். டிவியில் அது சட்டத்துக்கு வெளியே போய்விடும். கணினியில் பார்க்கிறவர்களுக்கு உறுத்தினால் படத்தை இரண்டரை சதவீதம் போலப் பெரிதாக்கிவிடுங்கள். பழைய விகிதப்படி மாற்றிய கிளிப்பையும் புதிய விகிதப்படி மாற்றியதையும் ஒரே டைம்லைனில் கலக்கும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும், ஒரே ஆள் இரண்டு கனத்தில் வருவார்.

மார்ச் 9

நிறம். இதை யாருமே கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் மனசை அரிக்கிறது.

எச்டிக்கு ஒரு நிற வாய்பாடு, 709 என்பார்கள். எஸ்டிக்கு வேறு, 601. சுருக்கும்போது வாய்பாட்டையும் மாற்ற வேண்டும். சில மென்பொருள்கள் தாமாகச் செய்யும், சிலவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பச்சை அளவுக்கு மேல் பளீரென்று ஆகிறது, சிவப்பு இருண்டு போகிறது, மஞ்சள் கொஞ்சம் பச்சையை நோக்கிச் சாய்கிறது. நம் ஊரில் எடுக்கும் படத்தில் என்ன இருக்கிறது? நெல் வயல், குங்குமம், மஞ்சள். மூன்றுமே தப்பாகப் போகும். ஆடுதுறைப் பக்கம் கதிர் வாங்காத சம்பாப் பயிரைப் படம்பிடித்து, அது பிளாஸ்டிக் பாய் மாதிரி தெரிந்தால் எப்படி இருக்கும்? வித்தியாசம் பெரிதில்லை என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தாலி கட்டும் நேரத்து நெற்றிப் பொட்டில் தெரியும்.

எஃப்எஃப்எம்பெக்கில் அளவு மாற்றும் வடிகட்டியிலேயே உள்ளே 709, வெளியே 601 என்று கொடுக்க இடம் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுங்கள், அதுவாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம்.

மார்ச் 10

ஒரு சந்தேகத்துக்குச் சின்னப் பதில்: ஆமாம், 50 புரோகிரசிவில் எடுத்தால் முதல் படியே தேவையில்லை. ஏற்கெனவே நொடிக்கு 50 முழுப் படம் இருக்கிறது, சுருக்கிக் கோர்க்க வேண்டியதுதான். கேமராவில் அந்த மோடு இருந்தால் இனி அதிலேயே எடுங்கள்.

மார்ச் 14

முதல் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, அதைத் தொடவே இல்லை: எடிட்டுக்கு முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா?

பிப்ரவரியில் முன்னால் மாற்றுவதையே பேசிக்கொண்டிருந்தேன், தம்பியின் கணினியை நினைத்து. யோசிக்க யோசிக்க, முடிந்தவரை பின்னால் மாற்றுவதுதான் நல்லது என்று தோன்றுகிறது. மினிடிவியாக மாற்றிவிட்டால் அது ஒரு இறுக்கம் (ஃபைலைச் சிறிதாக்கத் தகவலைக் கழிப்பது), டிவிடிக்கு எம்பெக்-2 ஆக்கும்போது இன்னொரு இறுக்கம். நடுவில் நிறத்தைத் திருத்தினால் கட்டம் கட்டமாக உடையும், சிவப்பு எழுத்துப் போட்டால் ஓரம் பிசிறும். எச்டியாகவே எடிட் செய்து கடைசியில் ஒரே தடவை சுருக்கினால் இத்தனையும் மிச்சம். சுருக்கும் நேரத்தில் நகர்த்தவும் பெரிதாக்கவும் இடம் இருக்கும். குளத்துக் கூட்டத்தில் ஒரு பாட்டியின் முகத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் டிவிடியில் படம் உடையாது. முதலிலேயே சுருக்கினவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கணினி திணறினால் இரண்டு வழி. எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கிளிப்பை அதன் கனோபஸ் எச்க்யூ என்ற ஃபைல் வகைக்கு மாற்றிக்கொண்டால் பழைய கணினியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும், வட்டில் இடம்தான் அதிகம் தின்னும். ஏவிசிஎச்டி திணறுவதற்குக் காரணம் பெரும்பாலான ஃபிரேம்கள் முன்பின் ஃபிரேம்களைச் சார்ந்திருப்பது; எச்க்யூவில் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். இடமும் இல்லையென்றால், அதே கிளிப் பெயரில் எஸ்டி காப்பி எடுத்து அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, முடிந்ததும் எச்டி மூலத்தோடு இணைத்து ரெண்டர் போடுங்கள். அந்தத் தற்காலிகக் காப்பியில் ஃபீல்டு குழைந்தாலும் பரவாயில்லை, யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

மார்ச் 19

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் நாதஸ்வரக்காரர்களுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். ஏவிசிஎச்டி கேமரா நீண்ட பதிவை 2 ஜிபி அல்லது 4 ஜிபிக்கு ஒருமுறை வேறு ஃபைலாக உடைக்கும். அட்டையிலுள்ள அந்தப் பட ஃபைல்களை (எம்டிஎஸ்) மட்டும் இழுத்துப்போட்டு, தனித்தனியாக எஸ்டிக்கு மாற்றி, டைம்லைனில் ஒட்டினால் இணைப்பில் ஒலி ஒரு நொடிக்குள் அறுந்து தெரியும். தோடி ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது ஒரு விக்கல்! வாசித்தவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது. அட்டையின் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள், கேமராவோடு வந்த மென்பொருளால் ஒன்றாக்குங்கள், அதன்பிறகு மாற்றுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் ஆக, அதாவது இறுக்காத ஒலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

2004 படத்தையும் 2016 படத்தையும் ஒரே டிவிடியில் சேர்க்க ஆசை என்கிறார் தம்பி. அருமையான யோசனை, நானும் பார்க்கக் காத்திருக்கிறேன். பழையது 4:3. அதை இழுத்து 16:9 ஆக்காதீர்கள். மேலும் கீழும் வெட்டினால் கோபுரக் கலசம் போகும், படிக்கட்டில் நிற்கிறவர்களின் கால் போகும், மிஞ்சுவது அதே 432 வரி. நடுவில் 540 பிக்சல் அகலத்தில் வைத்து இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள், 576 வரியும் தொடப்படாமல் நிற்கும். உயரத்தை ஒரு பிக்சல்கூட மாற்றாதீர்கள், மாற்றினால் பிப்ரவரி 27 கதை திரும்ப ஆரம்பிக்கும்.

மார்ச் 28

டைட்டில் எழுத்து. மெல்லிய தமிழ் எழுத்துருக்கள் இன்டர்லேஸில் நிற்காது, கிடைக்கோடுகள் துடிக்கும், சுழிகள் அடைந்துபோகும். கிடைக்கோடு குறைந்தது இரண்டு வரித் தடிமன் இருக்கும் எழுத்துருவாக எடுங்கள். எழுத்து திரையின் நடு 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் பழைய டிவிகளில் மணமகளின் இன்ஷியல் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும்.

ஏப்ரல் 2

மூன்று மணி நேரத்தையும் ஒரே டிவிடியில் அடைக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று வேதாரண்யத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட், அது சுமாராகத் தாங்கும். மூன்று மணி நேரத்துக்கு 3-க்குச் சற்று மேல்தான் வரும். மேடையில் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு அது போதலாம், குளத்துத் தண்ணீரும் பத்தாயிரம் தலையும் அசையும் காட்சி பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். இரண்டு வட்டாகக் கொடுங்கள், வட்டின் விலை என்ன பெரிய விலை.

முழுதும் ரெண்டர் போடுவதற்கு முன்னால் அரை நிமிடத் துண்டு ஒன்று மாற்றிப் பாருங்கள். அதில் பக்கவாட்டில் வேகமாக நகரும் ஏதாவது ஒன்று, சரிகைக் கரை, குங்குமச் சிவப்பு, ஒரு வரி டைட்டில் நான்கும் இருக்கட்டும். அழித்து எழுதும் வட்டில் பதிந்து, வீட்டில் இன்னும் குழாய் டிவி இருந்தால் அதில் போடுங்கள். எல்சிடி இன்டர்லேஸைத் தானே சரிக்கட்டிக் காட்டிவிடும், மினுக்கம் அதில் பாதிதான் தெரியும். வட்டை வாங்கிப் போகும் வீடுகளில் பலவற்றில் இந்த 2016-இலும் குழாய் டிவிதான் இருக்கிறது.